லெ மோர்ன் தலையில் மேகம் உட்கார்ந்தால் மழை வருமா? வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் சொல்லுங்கள்

தென்மேற்கு மூலை (லா கோலெத்)

வணக்கம். நான் நாகர்கோவில்காரன். வேலை நிமித்தம் மொரீசியஸ் வந்து, இப்போது லா கோலெத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். வராந்தாவுக்கு வந்தால் லெ மோர்ன் மலை முழுசாகத் தெரியும். ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். நடுவில் லகூன் (பவளத்திட்டுக்குள் அடங்கிய ஆழமற்ற கடல்), வலப்பக்கம் பெனித்தியே தீவு. மறைக்க ஒரு கட்டிடம் கிடையாது.

காலையில் கிழக்கு வெயில் பாறை முகத்தில் நேராக விழும். அப்போது செம்பழுப்பாக, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகத் தெரியும். பத்து மணிக்கு மேல் ஆழமெல்லாம் போய்த் தட்டையாகிவிடும். மாலையில் எதிர்வெயிலில் வெறும் கறுப்பு. மழை நனைத்துவிட்டுப் போனால் கல் கன்னங்கரேல் என்றாகி, இரண்டு கிலோமீட்டர் கிட்டே நகர்ந்து வந்துவிட்டதோ என்று தோன்றும். வேறு சில நாள் காலையில் எழுந்தால் மலையே இல்லை, வெறும் சாம்பல் நிறம்.

என் கேள்வி இதுதான். வீட்டுக்கார அம்மா "மோர்ன் குல்லா போட்டால் துணி காயப்போடாதே" என்பார். நாங்களும் ஊரில் வேளிமலையில் மஞ்சு இறங்கினால் குடை எடுத்தவர்கள்தான். ஆனால் இங்கே கணக்கு ஒத்துவரவில்லை. மலை குல்லாவோடு இருக்கும், எங்கள் மாடியில் துணி மொறமொறவென்று காயும். இன்னொரு நாள் மலை வெயிலில் மின்னும், எங்கள் தலையில் கொட்டும். இந்தக் குல்லா எதைத்தான் சொல்கிறது?

மோக்கா வாத்தியார் (மோக்கா)

வாருங்கள் தம்பி. உங்கள் வீட்டு மழை லெ மோர்னிலிருந்து வருவதில்லை. முதுகுப்பக்கம் மேட்டிலுள்ள சமாரேல் ஊரிலிருந்து இறங்கி வருகிறது. நீங்கள் முன்வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்!

இந்தத் தீவில் ஆண்டின் பெரும்பகுதி காற்று தென்கிழக்கிலிருந்து. கடலில் வெகுதூரம் வந்த ஈரக்காற்று முதலில் கிழக்கு, தெற்குக் கரைகளில் ஏறி, நடுமேட்டில் தன் சுமையைக் கொட்டிவிடும். நடுமேட்டில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை; மேற்குக் கரையில் சுமார் 900. கியூர்பிப்பில் குடை, ஒரு மணி நேரப் பயணத்தில் தமாரேனில் கறுப்புக் கண்ணாடி. இது இங்கே பிறந்த எல்லோருக்கும் பழகிய சங்கதி.

லா கோலெத் அந்த மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிறது. லெ மோர்னோ தென்மேற்கு முனையில் கடலுக்குள் தலை நீட்டி நிற்கிறது. அதற்கு மறைவு கிடையாது. தெற்குக் கரையை ஒட்டி வரும் காற்று அதன் மேல் நேராகவே மோதும். அதனால் நீங்களும் மலையும் ஒரே லகூனைப் பங்கு போட்டாலும் ஒரே காற்றில் இல்லை.

வானிலைப் பித்தன் (வாக்குவா)

வாத்தியார் ஐயா சொன்னதற்குக் கொஞ்சம் எண்களைச் சேர்க்கிறேன்.

லெ மோர்ன் உயரம் 556 மீட்டர். இந்த எண்தான் வேடிக்கையின் வேர். எப்படி என்றால்:

மேலேறும் காற்று, மேகமாகும் வரை, ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ 1 டிகிரி குளிரும். அதன் பனிப்புள்ளியும் (அதாவது ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) ஏற ஏறக் குறையும், ஆனால் 100 மீட்டருக்கு 0.2 டிகிரி அளவில் மெதுவாக. இரண்டும் சந்திக்கிற உயரத்தில் மேகத்தின் அடித்தளம் உண்டாகும். சுருக்கமாக, தரையில் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை 125-ஆல் பெருக்குங்கள்.

சாதாரணக் குளிர்கால நாள் ஒன்றில் வெப்பம் 24, பனிப்புள்ளி 19 என்று வையுங்கள். வித்தியாசம் 5. 625 மீட்டரில் மேகம் தொடங்கும். மலைக்குச் சற்று மேலே. பனிப்புள்ளி 20 ஆனால் 500 மீட்டர். மலைத்தலை மேகத்துக்குள் போய்விடும். ஒரே ஒரு டிகிரிதான் வித்தியாசம்! 300 மீட்டர் மலையாக இருந்தால் அதற்குக் குல்லாவே அபூர்வம். ஆயிரம் மீட்டராக இருந்தால் கழற்றவே மாட்டாது. லெ மோர்ன் சரியாக அந்த விளிம்பில் நிற்பதால்தான் ஒரே காலையில் மூன்று முறை போட்டுக் கழற்றுகிறது.

ஆகவே குல்லா சொல்வது ஒன்றே: கடலிலிருந்து வரும் காற்றில் இப்போது எவ்வளவு ஈரம். மழை வருமா என்பதற்கு மேகம் எவ்வளவு உயரம் வளர முடியும் என்பதும் தெரிய வேண்டும். அது வேறு கணக்கு.

இன்னொன்று. குல்லா அசையாமல் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் காற்று வந்த பக்கத்தில் அது பிறந்துகொண்டே இருக்கிறது, மறுபக்கம் இறங்கும்போது கரைந்துகொண்டே இருக்கிறது. இட்லிக் கொப்பரை மூடியோரத்தில் ஆவி அதே இடத்தில் நிற்பதாகத் தெரியுமே, அப்படி. தொலைநோக்கி இருந்தால் மேகத்தின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஐந்து நிமிடம் பாருங்கள்.

பட்டத்துக்காரன் (லெ மோர்ன்)

நான் மலையின் அடியிலேயே இருக்கிறேன், கைட் சர்ஃபிங் கற்றுக்கொடுக்கிறேன். எங்களுக்கு மலை என்றால் காற்றுதான்.

தென்கிழக்குக் காற்று சீராக அடித்தால் எங்கள் லகூனில் நாள் முழுக்க வேலை. அதே காற்று கொஞ்சம் கிழக்குப் பக்கம் திரும்பினால் மலையைத் தாண்டி வர வேண்டியிருக்கும்; அப்போது ஒரு நொடி இழுக்கும், மறுநொடி விட்டுவிடும். புதியவர்களைத் தண்ணீரில் இறக்க மாட்டேன். கீழே இருந்து பார்க்கும்போது குல்லாவின் ஓரம் வழவழவென்று இருந்தால் சீரான காற்று. கிழிந்து கிழிந்து பறந்தால் மேலே கொந்தளிப்பு. நான் அதைத்தான் பார்ப்பேன். பித்தன் அண்ணன் மாதிரிப் பெருக்கல் எல்லாம் போட மாட்டேன்.

இந்தப் பாறையைப் பார்த்தே கடலில் இடம் பிடிப்பதும் உண்டு. லகூனுக்கு வெளியே 'ஒன் ஐ' என்ற பெரிய அலை உடைகிறது. மலைப்பாறையில் ஒரு சின்ன ஓட்டை, கண் மாதிரி. சரியான இடத்தில் அலைக்குக் காத்திருந்தால்தான் அது தெரியும். அதிலிருந்துதான் அலைக்கு அந்தப் பெயர். மேகம் கீழே இறங்கிய நாளில் கண் மூடிவிடும், நாங்களும் கரையேறிவிடுவோம். அலை தெரியாதவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். அடியில் பவளப்பாறை, நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுக்கும்.

மேட்டுவீட்டுச் சாந்தி (சமாரேல்)

நீங்கள் எல்லோரும் கீழே இருந்து மேலே பார்க்கிறீர்கள். எங்களுக்குக் கடற்கரை கீழே கிடக்கிறது, லெ மோர்ன் எதிரே நிற்கிறது! சமாரேல் சாலை வளைவில் நின்றால் பெனித்தியே தீவு, லகூனின் நீலப் பட்டைகள், அந்தப் பக்கம் மலை, எல்லாம் ஒரே பார்வையில். வெயில் நாளில் சுற்றுலா வண்டிகள் வரிசையாக நிற்கும்.

மழை எங்களிடமிருந்துதான் இறங்கி உங்களுக்கு வருகிறது என்று வாத்தியார் ஐயா சொன்னது முழு உண்மை. நாங்கள் மழைக்குள் நின்றுகொண்டு, நீங்கள் வெயிலில் இருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படுவோம். பத்து நிமிடத்தில் அந்த மழை உங்கள் கூரைக்குப் போகும். சொல்லி அனுப்ப முடிந்தால் அனுப்புவேன்.

கேப் டவுன் கணேசன் (கேப் டவுன்)

டர்பனில் பிறந்து வளர்ந்து, இப்போது கேப் டவுனில். எங்கள் சமையலறைச் சன்னலில் மேசை மலை. அதன் மேகத்துக்கு ஊரே 'மேசைவிரிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறது. பழங்கதையும் உண்டு: வான் ஹங்க்ஸ் என்ற கடல் கொள்ளைக்காரன் பிசாசோடு போட்டி போட்டுப் புகை பிடிக்கிறானாம், அந்தப் புகைதான் இது.

உங்கள் கேள்விக்கு இங்கே நேரான பதில் இருக்கிறது. மேசைவிரிப்பு விரிவது கோடையில், தென்கிழக்குக் காற்று வலுக்கும்போது. மலை 1086 மீட்டர், தலை தட்டை, கிலோமீட்டர் கணக்கில் நீளம். மேகம் விளிம்பைத் தாண்டி நகரத்துப் பக்கம் அருவியாக வழியும். ஆனால் பாதியில் கரைந்து காணாமல் போகும். நகரத்தில் ஒரு சொட்டு விழாது. எங்களுக்கு மழை தருவது குளிர்காலத்து வடமேற்குக் காற்று. அது வரும்போது விரிப்பெல்லாம் கிடையாது, மலை மொத்தமாக மறையும்.

அதனால் அழகான மேகம் மலையில் தனியாக உட்கார்ந்திருந்தால், சுற்றிலும் நீல வானம் இருந்தால், துணி காயப்போடலாம் என்பது என் கட்சி. இங்கே துணி பறந்து போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தென்மேற்கு மூலை (லா கோலெத்)

எல்லோருக்கும் நன்றி. கணேசன் அண்ணா, அந்த வழிந்து விழும் மேகம் லெ மோர்னில் ஏன் வருவதில்லை? இங்கே தலையில் உட்காரும், அல்லது வால் மாதிரி ஒரு பக்கம் நீளும். வழிந்து பார்த்ததில்லை.

பித்தன் அண்ணா, நீங்கள் சொன்ன வெப்பமும் பனிப்புள்ளியும் எங்கே கிடைக்கும்? என் வீட்டு மானியை வராந்தாச் சுவரில் மாட்டியிருக்கிறேன். சுவர் சுட்டால் அதுவும் சுடுகிறது.

வானிலைப் பித்தன் (வாக்குவா)

வழிய வேண்டுமானால் மேலே பரந்த தளம் வேண்டும். காற்று பக்கவாட்டில் தப்பிக்க முடியாத நீளமும் வேண்டும். லெ மோர்ன் தனித்த பாறை. காற்றுக்கு மேலே ஏறுவதைவிடச் சுற்றிக்கொண்டு போவது எளிது. உச்சியில் கொஞ்சம் தட்டை நிலம் உண்டு, ஆனால் மேசை மலையோடு ஒப்பிட்டால் முற்றம் அளவு.

சுவரில் மாட்டிய மானியை விடுங்கள். பிளேசான்ஸ் விமான நிலைய அறிக்கை பாருங்கள். விமானிகளுக்காக வெளியிடுவது, மெட்டார் என்று தேடினால் எவருக்கும் கிடைக்கும். அதில் 24/19 என்று சாய்கோட்டோடு வருவது வெப்பமும் பனிப்புள்ளியும். பிளேசான்ஸ் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது, அதாவது காற்று முதலில் நுழையும் வாசலில். லெ மோர்னுக்கு என்ன வரப்போகிறது என்பதை அங்கே முன்கூட்டியே அளந்து தருகிறார்கள்.

அதே அறிக்கையில் மேக அடித்தளமும் இருக்கும், நூறு அடிக் கணக்கில். 018 என்று இருந்தால் 1800 அடி, அதாவது 549 மீட்டர். அது விமான நிலையத் தரையிலிருந்து கணக்கு; அந்தத் தரையே கடல்மட்டத்துக்கு ஐம்பது மீட்டருக்கு மேலே, எனவே மேகம் உங்கள் மலையுச்சிக்குச் சற்றே மேலே. 016, 018 என்று வருகிற நாளெல்லாம் உங்களுக்கு நாடகம்தான்.

ரிவியேர் நுவார் அம்மா (ரிவியேர் நுவார்)

நான் அதிகம் எழுதுகிறவள் இல்லை. ஆனால் எல்லோரும் தென்கிழக்குக் காற்றையே சொல்கிறீர்கள். காற்று திரும்பும் நாளைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும்.

2024 ஜனவரி 15, பெலால் புயல். தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் முன்பு. எங்கள் பக்கம் எப்போதும் மலை மறைவு என்ற தைரியம் உண்டு. அன்று காற்று வடக்கிலிருந்து ஆரம்பித்தது. பிறகு கடல் பக்கத்திலிருந்தே அடித்தது. முன்வாசல் கதவு, கடலைப் பார்த்த சன்னல், எல்லாம் காற்றுக்கு நேர். லெ மோர்னில் எப்போதும் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் மேகம், இந்தப் பக்கத்து முகத்தில் கீழிருந்து மேலாக ஏறியது. அப்படி அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் மலை, தீவு, லகூன் எதுவும் இல்லை. போர்ட் லூயியில் தெருவில் கார்கள் மிதந்த படங்கள் கைபேசியில் வந்துகொண்டிருந்தன. எங்கள் வீட்டில் ஈரத்துணியைச் சன்னல் இடுக்கில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் திறந்தால் மலை கழுவிவிட்டது போல நின்றது. அதன் இடுக்குகளில் வெள்ளிக் கம்பியாகத் தண்ணீர் இறங்கியது. அது மட்டும் அழகு, மறுக்க மாட்டேன்.

வானிலைப் பித்தன் (வாக்குவா)

அம்மா சொன்னது முக்கியமான விஷயம். நம் பக்கத்தில் புயல் கடிகார முள் போகிற திசையில் சுழலும். பெலாலின் மையம் முதலில் நமக்கு மேற்கே, பக்கத்துத் தீவான ரெயூனியனில். அதனால் இங்கே வடக்குக் காற்று. பிறகு மையம் நமக்குத் தெற்கே கடந்தது. காற்று வடமேற்கு, மேற்கு என்று திரும்பியது. மேற்குக் கரையின் மறைவு அப்படியே பறிபோனது.

2022 பிப்ரவரியில் பத்சிராய் நமக்கு வடக்கே கடந்தது. அப்போது காற்று பெரும்பாலும் கிழக்குப் பக்கத்திலிருந்து. உங்கள் பக்கம் மலைகள் தாங்கிக்கொண்டன. ஒரே தீவு, ஒரே மேற்குக் கரை, மையம் கடக்கிற பக்கம் மாறினால் கதை மாறிவிடும்.

எனவே லா கோலெத் தம்பிக்கு: ஜனவரி, பிப்ரவரியில் லெ மோர்ன் மேகம் உங்கள் பக்கத்து முகத்தில் ஒட்டினால் அதைப் படம் பிடித்துவிட்டு, நேரே வாக்குவா வானிலை மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அந்த நேரத்தில் மலையை நம்பாதீர்கள், எச்சரிக்கை எண்ணை நம்புங்கள்.

பித்தோன் பார்வை (சென் பியேர், ரெயூனியன்)

ரெயூனியனிலிருந்து வணக்கம். எங்கள் மலையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் உங்கள் பக்கத்திலிருந்து அது தெரியும்.

பித்தோன் தெ நேஜ் சுமார் 3070 மீட்டர். லெ மோர்னிலிருந்து தூரம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பூமியின் வளைவைக் கணக்கிட்டால் அந்த உயரத்து உச்சி 200 கிலோமீட்டர் வரை தலைகாட்ட முடியும். பார்ப்பவர் கொஞ்சம் உயரத்தில் நின்றால் நிச்சயம். பகலில் மங்கலில் கரைந்துவிடும். சூரியன் அதற்குப் பின்னால் இறங்கும்போதுதான் நிழலுருவாக, கடல்கோட்டில் ஒரு சின்னப் பல்லாகத் தெரியும். லெ மோர்ன் பக்கத்திலிருந்து பார்த்தால் சூரியன் அந்தத் திசையில் மறைவது நவம்பர் மூன்றாம் வாரத்திலும் ஜனவரி நான்காம் வாரத்திலும். ஜனவரியில் கடல்கோட்டில் மேகம் அதிகம். நவம்பரை விடாதீர்கள்.

லா கோலெத்திலிருந்து உங்கள் மலையே மறைக்கக்கூடும். லெ மோர்ன் கடற்கரைக்குப் போங்கள், அல்லது சாந்தி அக்காவின் சாலை வளைவுக்கு.

மலையின் நிறத்தைப் பற்றியும் சொல்லியிருந்தீர்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை தென்னாப்பிரிக்கக் கண்டப் பகுதியிலும் மடகாஸ்கரிலும் காடு, புல்வெளி எரியும் புகை நம் தீவுகளுக்கு மேலே வருகிறது. எங்கள் மைதோ ஆய்வகத்தில் அதை அளக்கிறார்கள். அந்த மாதங்களில் தூரத்து மலை வெளுத்திருப்பதற்கு ஈரம் மட்டும் காரணமில்லை. 2022 ஜனவரியில் டோங்கா எரிமலை வெடித்த சில நாட்களில் அதன் துகள்களும் இங்கே வந்து சேர்ந்தன. அஸ்தமனத்துக்குப் பிறகும் வானம் ஊதாவும் ஆரஞ்சுமாக நின்றது நினைவிருக்கிறதா?

மேட்டுவீட்டுச் சாந்தி (சமாரேல்)

நினைவிருக்கிறது! ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று என் மாமியார் பயந்தார்.

மோக்கா வாத்தியார் (மோக்கா)

நல்ல பேச்சு. ஆனால் ஒன்று உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன்.

இந்த மலை 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது மேகத்துக்காக அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும் கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் இதன் குகைகளிலும் உச்சியிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835 பிப்ரவரி 1 அன்று விடுதலைச் செய்தி சொல்ல வந்தவர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்தார்கள் என்பது வாய்வழி வரும் கதை. அந்த நாள் நமக்கு இன்று பொது விடுமுறை.

நம்மவர்களும் அந்தக் கதைக்கு வெளியே இல்லை. பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில் புதுச்சேரியிலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் கூலிக்கு வந்தார்கள் என்று பெருமையாகச் சொல்கிறோம். இந்தியாவிலிருந்து அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்டார்கள் என்பதை விழா மேடையில் சொல்வதில்லை.

வராந்தாவில் தேநீரோடு நின்று நிறம் பார்க்கும்போது, உச்சியில் மேகத்துக்குள் இருந்தவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். குளிர், ஈரம், நெருப்பு மூட்ட முடியாத நிலை. கூடவே, கீழிருந்து யாரும் பார்க்க முடியாது என்ற நிம்மதி.

பட்டத்துக்காரன் (லெ மோர்ன்)

வாத்தியார் ஐயா, மரியாதையோடுதான் சொல்கிறேன். நான் க்ரியோல் குடும்பத்தில் பெண் எடுத்தவன். மனைவியின் ஊர் லெ மோர்ன் கிராமம். அவர்கள் முன்னோர் த்ரூ ஷெனிய் என்று மலையடியில் இருந்த ஊர். பின்னால் இப்போதைய இடத்துக்கு மாறினார்கள். அவர்கள் வீட்டில் மலையைப் பார்த்துத் தினமும் துக்கம் காப்பதில்லை. என் மாமனார் பிரோக் (மீன்பிடிப் படகு) இறக்குமுன் மலையைப் பார்ப்பார், மேகத்தைப் பார்ப்பார், போவார். பிப்ரவரி 1-க்கு நினைவிடத்தில் நிற்பார். இரண்டும் ஒரே மனிதர்தான். நிறம் பார்ப்பது மரியாதைக் குறைவு என்றால், இங்கே வாழ்கிற எங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதைத் தவிர வழியில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில்: அடிவாரத்தை வெறும் கல்யாண விருந்துக்குப் பின்னணிப் படமாக விற்கிறார்கள் பாருங்கள், அங்கே.

மோக்கா வாத்தியார் (மோக்கா)

உங்கள் மாமனாரைச் சொல்லவில்லை தம்பி. கடைசி வரியில் நாம் இருவரும் ஒரே பக்கம். மீதியில் என் கருத்து என் கருத்தாகவே இருக்கட்டும்.

ஒரு தகவல் சேர்த்துவிடுகிறேன். நம் தேசிய மலர் த்ரொக்கெத்தியா இயற்கையாக வளர்வது உலகிலேயே இந்த ஒரு மலையில்தான். செம்மண் சிவப்பில் மணி போலத் தொங்கும். பாறை வெடிப்பில், காற்றும் உப்பும் வெயிலும் அடிக்கிற இடத்தில் பிழைத்துக் கிடக்கிறது. உச்சியில் உட்காரும் மேக ஈரம் அதற்கு எவ்வளவு உதவுகிறது என்று தாவரவியல் தெரிந்தவர் யாராவது வந்தால் கேட்க வேண்டும்.

தென்மேற்கு மூலை (லா கோலெத்)

சில வாரம் கழித்து எழுதுகிறேன். பிளேசான்ஸ் அறிக்கையைக் காலை காபியோடு பார்த்து, கூடவே வராந்தாவில் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்து வைத்தேன். தூண் ஓரம் படத்தின் இடது விளிம்பில் வருகிற மாதிரி நின்றால் எல்லாப் படமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறது.

வெப்பத்துக்கும் பனிப்புள்ளிக்கும் வித்தியாசம் 4 அல்லது அதற்குக் கீழே என்றால் குல்லா உறுதி. 6 என்றால் மலை சுத்தம். நடுவில் 5 இருக்கிறதே, அதுதான் ரசமான நாள். பத்து நிமிடம் உண்டு, பத்து நிமிடம் இல்லை. அந்த நாட்களில் வேலைக்குத் தாமதமாகிறது.

வீட்டு மழைக்கும் குல்லாவுக்கும் நேர்த் தொடர்பு எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது வேறொன்று. பின்பக்கம் குளியலறைச் சன்னல் வழியாகச் சமாரேல் மேடும் அதற்கு மேலே மலைத்தொடரும் தெரிகிறது. அந்த மேகம் வெள்ளையாக, மேலே கோடு போட்டு வெட்டின மாதிரி இருந்தால் தூறல்கூட இல்லை. அடி கறுத்து, மேல் விளிம்பு பொங்கி வழிந்தால் அரை மணிக்குள் எங்கள் தெரு நனையும். அதாவது மழைக்குக் குளியலறைச் சன்னல், அழகுக்கு வராந்தா.

வானவில்லும் அப்படியே. காலையில் சூரியன் முதுகுப்பக்கம், எனவே வில் லெ மோர்ன் பக்கம் விழுகிறது. மாலையில் சமாரேல் மேல்.

வானிலைப் பித்தன் (வாக்குவா)

அருமை தம்பி. அந்த "கோடு போட்டு வெட்டின" மேல் விளிம்புக்குக் காரணம், மேலே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சூடான, உலர்ந்த அடுக்கு மூடிபோட்டுக்கொண்டிருப்பது. வாணிபக் காற்று (நம் தென்கிழக்குக் காற்று போல ஒரே திசையில் சீராக வீசுவது) நிலவும் கடல்களில் எங்கும் உண்டு. மூடி கீழே அழுத்தினால் மேகம் மெலிசு, மழை இல்லை. மூடி மேலே போனாலோ உடைந்தாலோ மேகம் வளரும். முதலில் நான் சொன்ன 'வேறு கணக்கு' இதுதான். லெ மோர்ன் மேகத்தின் அடியைக் காட்டும். தலையைப் பார்க்க 828 மீட்டர் கறுப்பு ஆற்றுச் சிகரத்தின் பக்கம் திரும்ப வேண்டும்.

ஆனால் இதெல்லாம் குளிர்காலக் கணக்கு. டிசம்பர் வரட்டும். தென்கிழக்குக் காற்று சோர்ந்து, பகலில் நிலம் சூடாகி, கடற்காற்று மேற்கிலிருந்தே உள்ளே நுழையும். காலையில் லெ மோர்ன் கண்ணாடி போல இருக்கும். மூன்று மணிக்கு உள்நாட்டு மலைமேல் மேகம் குவிந்து இடியோடு உங்கள் பக்கம் கொட்டும். மேற்குக் கரைக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு கோடையில் வருவதுதான். உங்கள் 4, 5, 6 அட்டவணை அப்போது பாதி செல்லாது.

கேப் டவுன் கணேசன் (கேப் டவுன்)

குளியலறைச் சன்னலை வானிலை நிலையமாக்கிய முதல் நாஞ்சில் நாட்டார் நீங்கள்தான். இங்கேயும் இதே நிலை: மேசை மலையை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், மழை பார்க்க வேண்டுமானால் எதிர்ப்பக்கம் கடலைத்தான் பார்க்கிறோம்.

கத்ர் போர்ன் வேலன் (கத்ர் போர்ன்)

இத்தனை நாளும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து கோர் தெ கார்த் மலை, அடியில் முருகன் கோவில். அது 720 மீட்டர் அளவு, கரையிலிருந்து உள்ளே. லெ மோர்ன் மாதிரி விளையாட்டுக் காட்டாது. கேள்வி என்னவென்றால், சனிக்கிழமை குடும்பத்தோடு லெ மோர்ன் ஏறலாம் என்று திட்டம். கூடவே பன்னிரண்டு வயதுப் பையன். குல்லா இருந்தால் போகலாமா?

பட்டத்துக்காரன் (லெ மோர்ன்)

பாதை 2016-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. வெயிலுக்கு முன் விடியற்காலையில் தொடங்குங்கள். முதல் பாதி அகலமான மண்பாதை, பையன் ஓடியே போவான். பார்வை மேடை வரை கவலையில்லை. அதற்கு மேல் கையையும் காலையும் ஊன்றி ஏறும் பாறை. குல்லா கீழிறங்கினால் முதலில் நனைவது அந்தப் பகுதிதான். ஈரப்பாசியில் செருப்பு நிற்காது. பாதை முடிவில் நட்டிருக்கும் சிலுவை வரை போய்விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம்.

வெள்ளி இரவு பிளேசான்ஸ் அறிக்கை, சனி விடியற்காலை மறுபடி. 018 அல்லது கீழே என்றால் பார்வை மேடையோடு திரும்பிவிடுங்கள். அங்கிருந்தே லகூன் முழுக்கத் தெரியும்.

தென்மேற்கு மூலை (லா கோலெத்)

வேலன் அண்ணா, வெள்ளி மாலை நான் ஒரு படம் போடுகிறேன். சனி காலை ஐந்தரைக்கும் போடுகிறேன், வெளிச்சம் இருந்தால். இறங்கி வரும்போது லா கோலெத்தில் நிறுத்துங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில்.

கத்ர் போர்ன் வேலன் (கத்ர் போர்ன்)

வருகிறோம். சனிக்கிழமை நாங்கள் சைவம்.